அந்த ஃபைல்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் 'ம்', 'சரி' என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காபி அரை மணி நேரம் கழித்துத்தான்.

அந்த மாத்திரை எதற்கு என்று ஒருமுறை கேட்டாய். பரம்பரை என்றேன். இல்லை அம்மா. 2005-ல் உனக்கு 30 நாள் கரண்ட் வைத்தார்களே, கதிர்வீச்சு சிகிச்சை, அதனால் வந்தது. கட்டி பின்னந்தலையில்தான் இருந்தது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் என்பதால் அதன் செல்கள் மூளையைச் சுற்றி ஓடும் நீரில் முதுகு வரை இறங்கிவிடுமாம். அதற்காக முதல் 13 நாள் தலை முழுக்க, தண்டுவடம் முழுக்க வைத்தார்கள். மீதி 17 நாள்தான் கட்டி இருந்த இடத்துக்கு. முதுகுப்பக்கம் நுழைகிற கதிர் உள்ளேயே நின்றுவிடாது, முன்கழுத்து வழியாக வெளியேறும். தைராய்டு அந்த வழியில்தான் இருக்கிறது. மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியிலும் முதுகெலும்பிலும் பட்டதால்தான் தங்கை அளவுக்கு நீ வளரவில்லை.

தினமும் நீ வெளியே வரும்போது நெற்றியில் அந்த வலை முகமூடியின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு வரும்வரை விரலால் நீவிக்கொண்டே வருவேன்.

முத்து வந்திருந்தான். வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. எங்களிடம் சொல்லாததை அவனிடம் சொல்லியிருக்கிறாய், சரி. ஆனால் 'புதுசா எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது' என்றாயாமே. அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை.

கையெழுத்து வாங்குவதற்கு முன்பே டாக்டர் சொன்னார். சின்னப் பிள்ளைக்கு மூளையின் நரம்பு இழைகளுக்கு மேலுறை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், கதிர் அதையும் பாதிக்கும், படித்தது போகாது, புதிதாகப் படிப்பது மெதுவாகும் என்று. உன் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. நாளடைவில் நானும் அதை நினைக்காமலே இருந்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலானபோது ஸ்கேலால் அடித்தேன். சோம்பேறி என்றேன். தெரிந்த நானே அடித்தேன், செல்வி. அதற்கு மேலும் நீ பி.காம். முதல் வகுப்பில் முடித்தாய்.

பழைய ஃபைலைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். எங்கே எத்தனை கிரே, அதாவது எவ்வளவு கதிர், கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. அங்கே நரம்பு டாக்டரிடம் காட்டு. ஞாபகத்துக்கும் வேகத்துக்கும் தனியாகப் பரிசோதனை உண்டு, கேள். தைராய்டு டெஸ்ட் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தால் அதையும் எடு. மாத்திரை வெறும் வயிற்றில்.

டிக்கெட் போட்டுத் தரவா? இல்லை, நான் அங்கே வரட்டுமா?

அப்பா