ஆண்டறிக்கை 2024-25: மூணாவது தெரு கிரவுண்டும் நம்மளும்

தலைவர், பொருளாளர், கமிட்டி மெம்பர்ஸ், நம்ம நகர் குடும்பங்கள் எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 2024ல இருந்து மார்ச் 2025 வரைக்குமான செயலாளர் அறிக்கை இது. தண்ணி, தெருவிளக்கு, குப்பை வண்டி, நாய்த் தொல்லை எல்லாம் போன வருஷம் மாதிரியேதான், மனு குடுத்துருக்கோம், திரும்பவும் குடுப்போம், அதை இங்க நீட்டி எழுதப் போறதில்ல. வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பாரு. நான் சொல்ல வந்தது ஓஎஸ்ஆர் இடத்தப் பத்தி, அதாவது லேஅவுட் போடும்போது பொதுவுக்குன்னு காலியா ஒதுக்கற இடம்.

புதுசா குடி வந்தவங்களுக்காக ஒரு வரி. லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதத்த பொது இடமா விட்டு தானப் பத்திரம் எழுதிக் குடுக்கணும், அப்படி வந்த இடந்தான் மூணாவது தெரு முனைல இருக்கறது. ரொம்ப வருஷமா சீமைக்கருவேலம், வீடு இடிச்ச கல்லு மண்ணு, கூடவே நம்ம ஆளுங்க கார் ரெண்டு மூணு. கோடை லீவுக்கு முன்னாடி ஜேசிபி விட்டு சுத்தம் பண்ணியாச்சு. கார்காரங்களுக்கு இன்னும் எங்க மேல கோவம், இருக்கட்டும்.

மே மாசத்துல இருந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் விளையாட்டு. அக்னி நட்சத்திர வெயில்ங்கறதால அஞ்சரைக்கு மேலதான். கமிட்டி போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு: பிள்ளைய இறக்கி விட்டுட்டு கிளம்பக் கூடாது, அம்மாவோ அப்பாவோ கூட விளையாடணும், செல்போன் கூடைக்குள்ள.

ஆரம்பத்துல படு சொதப்பல். அப்பாக்கள் எல்லாம் கோச் ஆயிட்டாங்க, காலை நகத்து, பேட்டை நேரா புடி, ஏன் அந்தப் பந்த விட்டன்னு ஒரே சத்தம், கொஞ்ச நேரத்துல பசங்க தாகமா இருக்குன்னு சொல்லி ஒவ்வொருத்தனா வீட்டுக்குப் போயிட்டான், கடைசில பெரியவங்க மட்டும் கிரிக்கெட் ஆடிட்டு இருந்தோம்! அப்புறந்தான் மாத்தினோம், என்ன ஆட்டம், என்ன ரூல்ஸ், யாரு எந்த டீம், எல்லாம் பசங்க சொல்றதுதான், சண்டை வந்தா பெரியவங்க வாயத் திறக்கக் கூடாது.

இந்த வாயத் திறக்காம இருக்கறது இருக்கே, அதுதாங்க இந்த வருஷம் நம்ம பெத்தவங்க கத்துக்கிட்டதுலயே கஷ்டமான பாடம். ஏழு கல்லு ஆடும்போது பந்து முதுகுல பட்டுச்சா படலையான்னு ரெண்டு பேருக்கு முட்டிக்கிச்சு, அழுகுணி ஆட்டம்னு ஒருத்தன் கத்தறான், அவங்க அப்பா விசாரிக்கக் கிளம்பிட்டாரு, பக்கத்துல இருந்தவங்க கையப் புடிச்சு உக்கார வச்சோம். அவரு செருப்பைத் தேடி மாட்டறதுக்குள்ள பசங்க "சரி, மறுபடி அடி"ன்னு முடிச்சு அடுத்த ஆட்டத்துக்குப் போயிட்டாங்க.

சின்னக் குட்டிகள ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கிட்டு அவுட் குடுக்காம ஓட விடறதும் அதே பசங்கதான், யாரும் சொல்லிக் குடுக்கல. முட்டி வலிக்குதுன்னு ஒதுங்கி நின்ன ஒரு தாத்தாவையும், மூச்சு வாங்கின செயலாளரையும் அதே லிஸ்ட்லதான் சேத்தாங்க.

பீகார்ல இருந்து வேலைக்கு வந்து நாலாவது தெருவுல குடியிருக்கற ஒருத்தர் பையனக் கூட்டிட்டு வந்து முதல்ல ஓரமாவே நின்னாரு. கிட்டிப்புள்ள எடுத்ததும் அவரு மூஞ்சி மாறிடுச்சு, அங்க அது கில்லி டண்டா, ஒரே தட்டு, புள்ளு காம்பவுண்ட் சுவரத் தாண்டிப் போச்சு. அவரு பையன் தன் அப்பாவப் பாத்த பார்வை இருக்கே! இப்ப அவருதான் கிட்டிப்புள் இன்சார்ஜ். பாண்டி ஆட்டத்துல மட்டும் இன்னும் சமாதானம் ஆகல, திருநெல்வேலி அம்மாவும் வேலூர் அம்மாவும் கட்டம் போடறதுலயே சண்டை, பிள்ளைங்க ரெண்டையும் போட்டு ரெண்டையும் ஆடுதுங்க.

வீட்ல கேட்டாக்கூட பதில் சொல்லாதவன் இங்க டீம் பிரிக்கறான், யாரு எங்க நிக்கணும்னு திட்டம் போடறான்னு ஒரு அம்மா ஆச்சரியப்பட்டாங்க. மார்க் ஷீட்டுல இது எந்தக் காலத்துல தெரியும்? வேப்பமரம் ஏறற விஷயத்துலயும் ஒண்ணு கவனிச்சோம், கீழ இருந்து "விழப் போற, விழப் போற"ன்னு கத்தினா பிள்ளை கிளையப் பாக்காம அம்மா மூஞ்சியப் பாக்குது, அப்பதான் கால் வழுக்குது. சும்மா விட்டா தனக்குத் தோதான கிளையோட நிறுத்திக்குது. அதுக்காக எல்லாத்தையும் கண்டுக்காம விடச் சொல்லல, இடிபாடு கிடந்த மூலைல இன்னும் கண்ணாடித் துண்டு வருது, அந்தப் பக்கம் செருப்பு இல்லாம யாரும் போகக் கூடாது.

நம்ம நகர்ல இருக்கற கண் டாக்டர் ஒரு நாள் வந்து பேசினாரு. வீட்டுக்குள்ள வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கற அலகு), பகல்ல வெளிய மர நிழல்ல கூட பல ஆயிரம் இருக்கும், கிட்டப்பார்வை வராம தடுக்க அந்த வெளிச்சம் உதவுது, தைவான்ல 2010ல இருந்தே ஸ்கூல் பிள்ளைங்கள தினமும் 120 நிமிஷம் வெளிய விடணும்னு திட்டம் நடக்குதுன்னாரு. 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷமாவது மிதமாவோ வேகமாவோ ஓடியாடி உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லிருக்கு. நம்ம வாரத்துல ஒரு நாள் ஆடிட்டு பெருமை பேசறோம், அதுவும் வெயில் இறங்கின நேரத்துல.

நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல கிரவுண்டு குளமாயிடுச்சு, டிசம்பர் பூரா பல்லாங்குழியும் தாயமுந்தான். மார்ச்ல பரீட்சை, டியூஷன்னு கூட்டம் பாதியாச்சு. இன்னொரு குறை, அம்மாக்கள் ஏன் கம்மியா வராங்கன்னு கமிட்டில கேட்டாங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாவு யாரு அரைப்பான்னு பதில் வந்துச்சு. நியாயமான கேள்வி, அப்பாக்கள் கிரவுண்டுக்கு மட்டும் வந்தா பத்தாது.

வர்ற வருஷத்துக்கு மூணு வேலை இருக்கு. தாழ்வான பக்கம் மண்ணடிச்சு மேடாக்கணும், ஒரு தண்ணித் தொட்டி கட்டணும், லீவு நாள்ல காலைலயும் கேட்டைத் திறக்கணும். சாவி வச்சுக்க தெருவுக்கு ஒருத்தர் வேணும், பேரு குடுங்க. சந்தா பாக்கி உள்ளவங்க இந்த மாசக் கடைசிக்குள்ள பொருளாளர்கிட்ட கட்டிடுங்க, மண்ணு லோடுக்கு அட்வான்ஸ் கேக்கறாங்க.

இப்படிக்கு,
செயலாளர்