பண்ணைப் பயணத்தை நிறுத்தாதீர்கள்: தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

இந்த ஆண்டுச் சுற்றுலா வட கரோலைனாவின் ஜேம்ஸ்டவுனில் உள்ள பழைய மெண்டன்ஹால் பண்ணைக்கு இல்லை, டிராம்போலின் பார்க்குக்கு என்று வியாழன் இரவு வாட்ஸ்ஆப்பில் போட்டீர்கள். சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டியது. ஏன் என்று கேட்டதற்கு, "குவேக்கர் பண்ணைக்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. (குவேக்கர் என்பது ஒரு கிறிஸ்தவப் பிரிவு.)

சம்பந்தத்தை அப்புறம் சொல்கிறேன். நாங்கள் வரவில்லை என்று சொல்ல வெள்ளிக்கிழமை நானே பண்ணைக்கு நேரில் போனேன். ராட்டையில் நூற்றுக் காட்டும் தன்னார்வலர் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கம்பளியைச் சிக்கெடுத்து, பிள்ளைக்கு ஒரு சுருள் என்று 38 சுருள்களை மேசையில் வரிசையாக வைத்திருந்தார். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் "பரவாயில்லை" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார். நானும் கூட நின்று எடுத்துப் போட்டேன். இன்றுவரை குழுவிலிருந்து அவருக்கு ஒரு போன்கூடப் போகவில்லை.

போன வருடம் என் மகள் அவரிடம்தான் நூற்கக் கற்றாள். காலால் மிதிக்கும் வேகமும் கையால் இழுக்கும் வேகமும் ஒத்துவராமல் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் முடிச்சு முடிச்சாக ஒரு முழம் வந்தது. அதை இன்னும் தமிழ் நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

சரி, சம்பந்தத்துக்கு வருகிறேன். அந்த வீட்டை 1811-ல் கட்டிய ரிச்சர்ட் மெண்டன்ஹால் தோல் பதனிட்டுப் பிழைத்த குவேக்கர். அடிமை முறையை எதிர்த்தவர். அடித்தட்டுக்குக் கீழே ரகசியத் தட்டு வைத்த வண்டி ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. தப்பி வந்த அடிமைகளை அந்த இடுக்கில் படுக்கவைத்து, மேலே சரக்கை அடுக்கி வடக்கே ஓட்டிப் போன வகை வண்டி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், நியூ கார்டனில், 1821-ல் லீவை காஃபின், வெஸ்டல் காஃபின் என்ற இரு குவேக்கர்கள் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்தினார்கள். எஜமானர்கள் அதை நிறுத்தவைத்தார்கள். 1830-ல் வட கரோலைனா அப்படிக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாக்கியது. நாமும் ஞாயிற்றுக்கிழமைதானே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறோம்?

ஆண்டு விழா மேடைக்கும் எல்இடி திரைக்கும் பணம் இருக்கிறது. மூன்று மாத ஒத்திகைக்கு நேரம் இருக்கிறது. ஒரு பிள்ளை தன் கையால் ஒரு முழ நூல் நூற்பதற்கு மட்டும் இரண்டும் இல்லையா? எதை முடிவு செய்தாலும் முடிந்தபிறகுதான் பெற்றோருக்குச் சொல்கிறீர்கள். மன்னிக்கவும், ஆதங்கத்தில் வேறு பக்கம் போய்விட்டேன்.

நான் கேட்பது இதுதான். பண்ணைப் பயணத்தை இந்த வசந்த காலத்திலேயே மறுபடி வையுங்கள். அதற்கு முன்னால், தயவுசெய்து குழு சார்பில் ஒருவர் அந்த அம்மாவை நேரில் பார்த்துப் பேசுங்கள். கம்பளி கூடையில் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப்போக வண்டிதான் பிரச்சினை என்றால் எங்கள் வேனில் ஆறு பிள்ளைகள் ஏறலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை மாணவி ஒருத்தியின் அம்மா