இலவச நுழைவுக்குக் கட்டணம், மூடிய இடத்துக்கு டிக்கெட்: துபாய் சுற்றுலா குறித்துப் புகார்

அனுப்புநர்
உங்கள் வாடிக்கையாளர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பொருள்: துபாய் – அபுதாபி குடும்பச் சுற்றுலாவில் சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

கடந்த மே மாதக் கடைசியில், உங்கள் நிறுவனத்தின் கோடை விடுமுறைத் தொகுப்பில் என் தாயார், மனைவி, பிள்ளைகளுடன் துபாய் சென்று வந்தேன். ஊர் திரும்பியதும் தொலைபேசியில் குறைகளைச் சொன்னபோது, "வெளிநாட்டில் நடப்பதற்கு அங்குள்ள ஏற்பாட்டாளர்தான் பொறுப்பு" என்று உங்கள் அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. நான் பணம் கட்டியது கோவையில், உங்கள் கவுன்ட்டரில். ரசீதில் இருப்பது உங்கள் முத்திரை. அந்த ஏற்பாட்டாளர் யார் என்பதே விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் அபுதாபியைச் சொல்கிறேன். நாங்கள் கிளம்பியதே அதற்காகத்தான். என் தாயார் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குழித்தறியில் ஜமக்காளம் நெய்து கழித்தவர். ஷேக் சயீத் பெரிய மசூதியின் தொழுகைக் கூடத்தில் விரித்திருக்கும் கம்பளம், கையால் முடிச்சிட்டு நெய்த கம்பளங்களில் உலகிலேயே பெரியது. பரப்பு 5,600 சதுர மீட்டருக்கு மேல். ஈரானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நெய்து, பகுதி பகுதியாகக் கொண்டுவந்து அங்கேயே இணைத்தது. அந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. முன்பதிவு செய்தபோதே இதை உங்கள் ஊழியரிடம் சொன்னேன். "அம்மாவுக்காகவே அங்கே கூடுதல் நேரம் ஒதுக்குகிறோம்" என்றார் அவர்.

நீங்கள் ஒதுக்கியது வெள்ளிக்கிழமை நண்பகல். ஜும்ஆத் தொழுகைக்காக வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை பார்வையாளர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. மசூதியின் இணையதளத்திலேயே இது இருக்கிறது. துபாயிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் பயணம். ஒவ்வொரு ஹோட்டலாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை மணி தாண்டிவிட்டது. வாயிலில் இருந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். மூன்று மணிக்கு வரச் சொன்னார். இணையத்தில் செய்திருக்க வேண்டிய வருகைப் பதிவு இருக்கிறதா என்றும் கேட்டார். அதுவும் இல்லை. காத்திருக்கலாமே என்று வழிகாட்டியிடம் மன்றாடினோம். அடுத்து பேரீச்சம்பழக் கடை, அதன்பின் யாஸ் தீவில் புகைப்பட நிறுத்தம், தாமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வெள்ளைக் குவிமாடங்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. தலையை மூடிக்கொள்ள என் தாயார் ஊரிலிருந்து வாங்கிவந்த பருத்தித் துணி, மடிப்புக் கலையாமல் அவர் மடியிலேயே கிடந்தது. திரும்பி வரும்வரை அவர் பேசவில்லை.

ஊருக்கு வந்தபின் உங்கள் பில்லை வரிவரியாகப் பார்த்தேன். "மசூதி நுழைவுக் கட்டணம், தலைக்கு 1,200 ரூபாய்" என்று இருக்கிறது. அந்த மசூதிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. எந்த நாட்டவரும், எந்த மதத்தவரும் இலவசமாகப் பார்க்கலாம். கட்டணமே இல்லாத இடத்துக்குக் கட்டணம் வாங்கி, அந்த இடத்தையும் காட்டாமல் திருப்பி அழைத்துவந்ததற்கு எழுத்துமூலமான விளக்கம் வேண்டும்.

அடுத்தது பாலைவன சஃபாரி. இதை நினைத்தால் இன்னும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. என் தாயாருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. உங்கள் படிவத்தில் உடல்நிலை குறித்த இடத்தில் நானே அதை எழுதிக் கையெழுத்திட்டேன். நகல் என்னிடம் இருக்கிறது. மணல்மேடு ஏறி இறங்கும் சவாரி அவருக்கு வேண்டாம், தார்ச்சாலை வழியாக நேராகக் கூடாரத்துக்கு அழைத்துப் போங்கள் என்றும் கேட்டிருந்தேன். பாலைவன விளிம்பில் வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர், பின்னிருக்கையில் என் தாயாரைப் பார்த்துத் தயங்கினார். இதய நோய் ஏதாவது உண்டா என்று அவராகவே கேட்டார். நான் சொன்னதும் கைப்பேசியில் தனக்கு வந்திருந்த பட்டியலைத் திறந்து காட்டினார். எங்கள் பெயர்கள், ஹோட்டல், சைவ உணவு. அவ்வளவுதான். ஸ்டென்ட் பற்றி ஓர் எழுத்து இல்லை.

அவர் கேட்காமல் வண்டியை மணலில் ஏற்றியிருந்தால்? அந்த மனிதருக்கு நானும் என் குடும்பமும் கடன்பட்டிருக்கிறோம். வேறு வண்டிக்கு அவர்தான் அலைந்து சொல்லி ஏற்பாடு செய்தார். அது வரும்வரை, குவாட் பைக் வாடகைக்கு விடும் தகரக் கொட்டகையில், பிளாஸ்டிக் நாற்காலியில், அந்த வெயிலில் என் தாயார் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அவசர உதவி எண்ணை யாரும் எடுக்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளோபல் வில்லேஜ் என்பது பல நாட்டு அரங்குகளோடு துபாயில் திறந்தவெளியில் நடக்கும் கண்காட்சி. குளிர்காலத்தை ஒட்டித் திறந்து, வெயில் ஏறியதும் மூடிவிடுவார்கள். நாங்கள் போனபோது அது அந்தப் பருவத்துக்கு மூடப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் நடக்கும் இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனாலும் கோடை விடுமுறைத் தொகுப்பில் பெரிய படத்தோடு அச்சிட்டு விற்றிருக்கிறீர்கள். அதற்கு ஈடாக எங்களை இறக்கிவிட்டது துபாய் மாலில். அங்கே நுழைய டிக்கெட் தேவையில்லை. 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் 124-ஆம் தளத்திலிருந்து சூரிய அஸ்தமனம் என்றீர்கள். கிடைத்தது காலை நேர டிக்கெட். அஸ்தமன நேரத்துக்கு அங்கே விலை அதிகம் என்பது பட்டியலிலேயே இருக்கிறது. அந்த வித்தியாசம் யாரிடம் போனது? எல்லா வரியும் உட்பட என்று சொல்லிவிட்டு, தங்கும் அறைக்கு அங்கே அரசு விதிக்கும் 'சுற்றுலா திர்ஹம்' கட்டணத்தை ஹோட்டல் வரவேற்பறையில் எங்களிடம் தனியாக வசூலிக்கவும் விட்டீர்கள்.

துபாய்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கடைசி மாலை நாங்களாகவே மெட்ரோவில் போய், பர் துபாயிலிருந்து எதிர்க்கரையான தேராவுக்கு அப்ரா படகில் கடந்தோம். ஆளுக்கு ஒரு திர்ஹம். என் தாயார் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் படகில்தான். இவ்வளவு ஒழுங்காக நடக்கும் ஊரில், நேரத்தையும் நாளையும் சரிபார்த்தாலே போதும், எல்லாம் நடந்திருக்கும். அந்த வேலைக்குத்தான் உங்களுக்குப் பணம் கொடுத்தோம்.

ஆகவே மசூதிக்கும் குளோபல் வில்லேஜுக்கும் வாங்கிய தொகை முழுவதையும், என் தாயாரின் சஃபாரிக் கட்டணத்தையும், புர்ஜ் கலீஃபா டிக்கெட் வித்தியாசத்தையும், ஹோட்டலில் நாங்கள் கட்டிய திர்ஹம் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். படிவத்தில் எழுதிக் கொடுத்த உடல்நிலை விவரம் யார் மேசையில் நின்றுபோனது என்பதையும் எனக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாக உங்கள் ஊழியர் சொன்னார், அது வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. ரசீது, விளம்பரத் தாள், படிவ நகல், டிக்கெட்டுகள், ஹோட்டல் ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

உங்கள் இணையதளத்தில் அதே தொகுப்பு, அதே வெள்ளிக்கிழமைத் திட்டத்தோடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியிருப்பவர்களுக்கு இந்த வாரமே தகவல் சொல்லி, அபுதாபி செல்லும் கிழமையை மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்