பிள்ளைகள் எழுதும் தமிழைப் படிக்க ஆள் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாசகர் ஒருவர், வகுப்பறைக்குள் கணினி நுழைந்தால் பிள்ளைகள் பேனா பிடிப்பதையே மறந்துவிடுவார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் 20 ஆண்டுகளுக்கு மேலாக மொரீசியஸில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு வேறொரு கவலை. பிள்ளைகள் பேனாவால் எழுதும் தமிழை யார் படிக்கிறார்கள்? நான் ஒருத்திதான். சிவப்பு மையில் திருத்தி, மதிப்பெண் போட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன். அதோடு சரி.

வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், செய்தித்தாள் பிரெஞ்சில், பாடப்புத்தகம் ஆங்கிலத்தில். தமிழுக்கு மிஞ்சுவது கோயிலும் எங்கள் பாடவேளையும்தான். அதிலும் எழுதுவதெல்லாம் தேர்வுக்காக. "என் பள்ளி", "என் தோட்டம்", "பசு" என்று வருடா வருடம் அதே தலைப்புகள்.

அதனால்தான் நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில், கிரேடு 8 பிள்ளைகளுக்காக ஒரு வகுப்பு விக்கி தொடங்கினேன். விக்கி பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒருவர் தொடங்கிய பக்கத்தை மற்றவர்கள் திருத்தலாம், சேர்க்கலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிவிடும். தவறாகப் போனால் பழையபடி மீட்டுக்கொள்ளலாம். விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளே இலவசமாகக் கிடைக்கிறது.

பிள்ளைகள் முதலில் எடுத்துக்கொண்டது, இங்கே விசேஷங்களில் இலையில் பரிமாறும் விருந்தான ஏழு கறி. ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு வந்து, இலையில் பரிமாறும் வரிசையை எழுதினாள். அதில் "ரசோன்" என்று போட்டிருந்தாள். மறுவாரம் ஒரு பையன் அதை "ரசம்" என்று திருத்தினான். அவள் மறுபடி "ரசோன்" ஆக்கினாள். உரையாடல் பக்கத்தில் இருவரும் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். "என் பாட்டி இப்படித்தான் சொல்வார்" என்று அவள். "அகராதியில் ரசம்தான் இருக்கிறது" என்று அவன். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மூன்றாவதாக ஒருத்தி வந்து, "ரசம், நம் நாட்டில் ரசோன் என்று சொல்வோம்" என்று எழுதிச் சண்டையைத் தீர்த்தாள். நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அந்த ஒரு வரி கிடைத்திருக்குமா?

அதே பக்கத்தில் "வாலை இலை" என்றும் இருந்தது. கிரியோலில் ல, ள, ழ என்ற வேறுபாடே கிடையாது. பிள்ளைகளின் காதுக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் நாங்கள் பயன்படுத்தும் தட்டச்சு முறையில் ழ வேண்டுமென்றால் இசட் விசையைத் தட்ட வேண்டும். எந்த விசை என்று விரல் முடிவு செய்தே ஆக வேண்டும். நோட்டில் கிறுக்கலாக ஒரு சுழி போட்டு ஒப்பேற்றிவிடலாம், இங்கே முடியாது. "வாலை" "வாழை" ஆக இரண்டு வாரம் பிடித்தது. திருத்தியவனும் இன்னொரு மாணவன்தான்.

பேனா விஷயத்துக்கு வருகிறேன். கணினி அறை எங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும். மற்ற நாட்களில் பிள்ளைகள் நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதித் தயாராக வருவார்கள். அந்த ஆண்டு தீர்ந்த நோட்டுகள் அதற்கு முந்தைய ஆண்டைவிட அதிகம். அந்த வாசகரிடம் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

அப்புறம் வலைப்பதிவு. விக்கி வகுப்புக்குள்ளேயே இருந்தது. வலைப்பதிவை வெளியாரும் படிக்கலாம். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருந்த பத்து நாட்களைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தாள். ரெயூனியன் தீவில் தமிழ் கற்கும் அவள் உறவுக்காரப் பெண் அதன் கீழே, "எங்கள் வீட்டிலும் விரதம் இருப்போம். நீ நடந்தபோது கால் வலித்ததா?" என்று எழுதியிருந்தாள். இந்தப் பிள்ளைகள் சந்தித்தால் கிரியோலிலோ பிரெஞ்சிலோதான் பேசிக்கொள்வார்கள். இங்கே தமிழில் ஒரு கேள்வி, தமிழில் ஒரு பதில். பதில் எழுத என் மாணவிக்கு முழுப் பாடவேளையும் போயிற்று. ஒரு கட்டுரைக்கும் அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

சிக்கல் இல்லாமல் இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொண்டுவந்து ஒட்டியவர்கள் உண்டு. ஆனால் வரலாற்றைத் திறந்தால், ஒரே நொடியில் முப்பது வரி வந்து விழுந்திருப்பது தெரிந்துவிடும். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "சரி, இதில் உனக்குப் புரிகிற மூன்று வரியை நீயே எழுது" என்பேன். எழுதுவார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 16 வயதுக்குட்பட்டவர்களின் தனிப்பட்ட விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். உண்மைப் பெயர் கிடையாது, படம் கிடையாது, வெளியார் கருத்துகள் நான் பார்த்த பிறகே வரும். இத்தனைக்குப் பிறகும் மேலே இருந்த ஒருவர், "பாடத்திட்டத்தில் இல்லாத வேலை எதற்கு?" என்று கேட்டு விக்கி, வலைப்பதிவு இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்று பிள்ளைகள் "மிஸ், எங்கள் பக்கம் எங்கே போயிற்று?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

1998-இல் வந்த நம் நாட்டின் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டபோது நாம் சும்மா இருக்கவில்லை. அந்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்தோம். அந்த ரோஷம் பிள்ளைகள் எழுதும் தமிழுக்கும் வேண்டும். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளை எப்போதோ தாண்டிவிட்டது. சம்பளம் வாங்காமல் எழுதியவர்கள் வளர்த்தது அது. நம் ஏழு கறியைப் பற்றியும் காவடியைப் பற்றியும் எழுத நம் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி பெறும் இளம் தமிழாசிரியர்களுக்குத் தமிழ்த் தட்டச்சையும் விக்கி நடத்தும் முறையையும் பழக்க வேண்டும். இது என் வேண்டுகோள். தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாதம் அரைப் பக்கம் மாணவர் எழுத்துக்கு ஒதுக்குங்கள். ஏழு கறிப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பெற்றோரிடம் மறுபடி சம்மதம் வாங்கி அனுப்புகிறேன். "ரசோன்" என்பதை மட்டும் திருத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீசியஸ்