ஷார்ட்டரின் ஆக்கங்களைப் பேச வேண்டும்

ஆசிரியருக்கு,

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டர் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை படித்தேன். 2023-இல் மறைந்த அந்த மேதையைத் தமிழில் நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஆனால், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தவர் என்ற அளவிலேயே கட்டுரை அவரை நிறுத்திவிட்டது. அக்குழுவின் போக்கையே மாற்றியவை ஷார்ட்டர் எழுதிய ஆக்கங்கள். 1967-இல் பதிவான ‘நெஃபர்டிட்டி’ என்ற அவருடைய ஆக்கத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, டிரம்ஸும் பியானோவும் பாஸும்தான் கற்பனையில் விரிகின்றன. முன்னணி வாத்தியம், பக்கவாத்தியம் என்ற வரிசையையே தலைகீழாக்கிய துணிச்சல் அது! என்னிடம் சாக்ஸபோன் பயிலும் மாணவர்கள் இதை எடுத்தால், நாலு சுற்றுக்குள் விரல்கள் பரபரத்து மெட்டைவிட்டு விலகிவிடுவார்கள். அடங்கி வாசிப்பது அவ்வளவு கடினம்.

கீபோர்டு கலைஞர் ஜோ ஸாவினுலுடன் ‘வெதர் ரிப்போர்ட்’ என்ற ஜாஸ் குழுவைத் தொடங்கியது, 2000-இல் தம் பெயரிலேயே நால்வர் குழு அமைத்தது, 88 வயதில் ஓபரா என்னும் இசை நாடகம் அரங்கேற்றியது ஆகியவற்றையும் சொல்லியிருக்கலாம். இனி இசைக் கலைஞர்கள் பற்றிய கட்டுரைகளுடன், அவர்கள் இயற்றியவற்றில் அவசியம் கேட்க வேண்டிய ஐந்தையேனும் பதிவான ஆண்டுடன் பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள்.

– சாக்ஸபோன் ஆசிரியர், கோயம்புத்தூர்