தேர்வு இருக்கட்டும், பள்ளியில் ஆள் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்கு வாசிக்க வராததற்கு ஆசிரியரின் தகுதியே காரணம் என்று, ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றி நீங்கள் எழுதிய தலையங்கம் படித்தேன். ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, தேறட்டும். ஆனால் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றதும் டீச்சரின் மதிப்பெண்ணை மட்டும் கேட்பது, சோறு குழைந்ததற்கு அரிசியை மட்டும் குறை சொல்வது போலத்தான்.

நான் ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவள். 41 பிள்ளைகள், ஐந்து வகுப்பு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். கணக்குப்படி எங்களுக்குக் குறையே இல்லை! உடன் இருந்த டீச்சர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் என் தலையில்தான். காலையில் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவில், வருகைப் பதிவு போட வகுப்பறைக்குள் சிக்னல் கிடைக்காது. புளியமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உள்ளே ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிலேட்டில் 'அ' எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருப்பான், நான் வந்து பார்ப்பேன் என்று.

அந்த நேரத்தில் கைகொடுத்தது சத்துணவு ஆயாதான். வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டே வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் ஏழெட்டு ஐம்பத்தாறில் யாராவது தடுக்கினால் அவர் காது விடாது.

இது என் புலம்பல் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, அவற்றில் பாதியில் மட்டும், பாடம் சொல்லித்தர அரைநாள் வேலைக்கு இன்னொருவரைச் சேர்த்து ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சொல்லித்தரும் நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்குக் கை ஒழிந்ததால் ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க முடிந்தது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் அங்கே குறைந்தார்கள். யாரையும் புதிதாகப் பரீட்சை எழுத வைக்கவில்லை. கூட ஒரு ஆள், அவ்வளவுதான்.

காலிப் பணியிடங்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். எங்கள் பள்ளியில் எழுத்தர் இடமோ காவலாளி இடமோ காலியாக இருந்ததில்லை, அப்படி ஓர் இடமே இல்லாததால். ஓய்வுபெறும் நாள்வரை கழிப்பறைச் சாவி என் கைப்பையில்தான் கிடந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
மணப்பாறை