பயிற்சியற்றவன் எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வன்னியின் தொழில் வாய்ப்புகள் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அதில் ஒரு வசனம்: "வெளிநாடுகளிலிருந்து திரும்புவோரில் பெரும்பாலானோர் முறையான பயிற்சியற்றவர்கள் என்பதால் உள்ளூர்த் தேவைக்குப் பயன்படுவதில்லை." மற்றபடி கட்டுரையில் எனக்குக் குறை இல்லை. பிள்ளைகள் அறிவியல் நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவகத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்று எழுதியிருந்ததும் சரிதான். என் அக்காவின் கடைசி மகனுக்கு நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு வசனத்தை வாசித்த பிறகு தேத்தண்ணி ஆறிப்போனதும் தெரியவில்லை.

நான் இரும்பு ஒட்டும் வெல்டிங் பட்டறைக்குப் போனது 15 வயதில். எனக்குத் தொழில் பழக்கியவர் பரந்தன் கெமிக்கலில் வேலை செய்தவர். கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த அந்தத் தொழிற்சாலை எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர் ஒட்டிய குழாய்களில் குளோரின் ஓடியது. கசிந்தால் ஆள் தப்பாது. அதனாலோ என்னவோ, எங்கள் ஒட்டு எவ்வளவு வடிவாக இருந்தாலும் அவர் ஒரு வார்த்தை பாராட்டமாட்டார். ஒட்டிய இரும்புத் தட்டை வைஸில் இறுக்கி, பெரிய சுத்தியலால் அடித்து வளைப்பார். வெடித்தால், "மேல பூச்சு, அடியில ஒண்டுமில்லை" என்று தூக்கி எறிவார். முதல் ஆறு மாதம் நான் ஒட்டியதில் வெடிக்காதது ஒன்றுகூட இல்லை.

அதுவும் எந்தக் காலம்? பொருளாதாரத் தடைக் காலம். மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடியது. வெல்டிங் கம்பி ஒரு பக்கற் கிடைத்தால் நகை மாதிரிப் பூட்டி வைப்போம். நனைந்த கம்பியைத் தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைத்து, நுனி இரண்டு அங்குலம் மிஞ்சும்வரை எரித்தோம். ஒட்டும்போது வந்த வெளிச்சம் தாக்கி, இரவில் கண் மண் அள்ளிப் போட்டதுபோல எரியும். அம்மா உருளைக்கிழங்கைச் சீவி இமையில் வைப்பார், உருளைக்கிழங்கு கிடைத்தால். இதற்கெல்லாம் ஒருவரும் சான்றிதழ் தரவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. அப்புறம் 2009. மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வெளியே வந்தபோது என்னிடம் இருந்தது இரண்டு கைகளும் ஒரு கறுப்புக் கண்ணாடியும்தான்.

2012 இல் கட்டாருக்குப் போனேன். ராஸ் லபான் பக்கம், எரிவாயுக் குழாய் வேலை. கேற்றுக்குள் விட்டதும் முதலில் நிறுத்தியது சோதனைக் கூண்டில். சிக்ஸ் ஜி என்பார்கள். ஆறு அங்குலக் குழாயை 45 பாகை சரித்து இறுக்கிவிடுவார்கள். குழாயைத் திருப்ப முடியாது. நாங்கள்தான் அதைச் சுற்றிக் குந்தியும் படுத்தும் ஒட்ட வேண்டும். அடி ஓட்டம், அதாவது முதல் ஒட்டு, ரிக் (TIG) என்ற வெல்டிங் முறையில், மேல் நிரப்புவது 7018 என்ற வகைக் கம்பியில். அந்தக் கம்பியைச் சூட்டுப் பெட்டிக்குள்தான் வைத்திருக்க வேண்டும். ஈரம் பிடித்தால் ஐதரசன் உள்ளே போய் ஒட்டு பிறகு வெடிக்கும். வெயிலில் கம்பி காயவைத்த எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒட்டி முடிந்ததும் எக்ஸ்ரே. என்னோடு நின்ற 11 பேரில் நாலு பேர் தேறினோம். எக்ஸ்ரே படத்துக்கு என் ஓ.எல். பரீட்சைப் பெறுபேறு தேவைப்படவில்லை.

தேறியதற்குத் தந்த அட்டையை இங்கே காட்டலாமே என்பீர்கள். அது கொம்பனியின் அட்டை. அங்கே பின்பற்றிய அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.ஈ.) விதிப்படி, சோதித்த கொம்பனியின் வேலைக்குத்தான் அந்தத் தகுதி. ஆறு மாதம் அந்த முறையில் ஒட்டாமல் இருந்தாலும் போய்விடும். தொழில் தெரிந்தவர்கள் போட்ட விதி, எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. மனவருத்தம் எல்லாம் ஊருக்கு வந்த பிறகுதான்.

2023 இல் திரும்பி வந்து விசுவமடுவில் பட்டறை போட்டேன். உழவு மெசின் பெட்டி, கலப்பை, கேற் என்று கைக்கு வேலை இருக்கிறது. ஆனால் அரச ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேசிய தொழிற் தகைமை நாலாம் மட்டம் கேட்கிறார்கள். வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையை வைத்தே அதை எடுக்க முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. நல்ல திட்டம். யோசித்தவர் நன்றாக இருக்கட்டும்.

அந்த நன்மையைத் தேடி நான் ஓர் அலுவலகத்துக்கு நாலு முறை போனேன். முதல் முறை தமிழ்ப் படிவம் முடிந்துபோயிற்று. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தாராளமாக இருந்தது. 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதியது 1987 இல். அன்றைக்கே அச்சடித்திருந்தாலும் இத்தனை வருடத்தில் முடிந்திருக்கும்தான், நியாயம். இரண்டாம் முறை என் கட்டார் அடையாள அட்டையின் பிரதியைக் கொடுத்தேன். அதில் தொழில் 'மேசன்' என்று இருக்கும். கொம்பனி விசா எடுத்தது அந்தப் பெயரில். வளைகுடாவுக்குப் போன யாரைக் கேட்டாலும் இந்தக் கதை சொல்வார்கள். மேசையில் இருந்த அம்மணி மிக மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, அப்ப நீங்கள் மேசனுக்கு விண்ணப்பியுங்கோவன்."

11 வருடம் எரிவாயுக் குழாய் ஒட்டியவனுக்கு அவர் காட்டிய வழி, சீமெந்து குழைப்பது.

மூன்றாம் முறை கிராம அலுவலரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நல்ல மனிதர், உடனே எழுதித் தந்தார். அவர் வீட்டுக் கேற் நான் ஒட்டியது. ஆக, எக்ஸ்ரேயில் தேறியதற்குக் கடைசியில் சாட்சி அந்தக் கேற்தான். நாலாம் முறை எல்லாம் சரி, மதிப்பீட்டாளர் வரும்போது அறிவிப்போம் என்றார்கள். அறிவித்தார்கள். முதல் நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு, தொலைபேசியில். மாசி மாதம், நெல் வெட்டு நடக்கிறது. நான் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வயலில் வெட்டு மெசினுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன். அதை விட்டுவிட்டு வந்தால் அந்த மனுசனின் மூன்று ஏக்கர் மழையில் கிடக்கும். போகவில்லை. அதன்பிறகு 14 மாதம், அழைப்பு இல்லை.

இதற்கிடையில் ஒரு குளத்தின் கதவு திருத்த வெளி மாவட்டத்திலிருந்து ஒப்பந்தக்காரர் வந்தார். அவரோடு வந்த பொடியன்களிடம் சான்றிதழ் இருந்தது. அடுத்த மாரிக்கு முன்னமே ஒட்டு விட்டுவிட்டது. கமக்காரர் அமைப்புத் தலைவர் சைக்கிளில் என்னிடம்தான் வந்தார். நானும் போய் ஒட்டிக் கொடுத்தேன், ஒரு மூட்டை நெல்லுக்கு. பயிற்சியற்றவன் உள்ளூர்த் தேவைக்குப் பயன்பட்டான் என்று உங்கள் கட்டுரையாளர் குறித்துக்கொள்ளட்டும்.

என் மச்சானின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். என்னிடம் பழகியவன். அவனும் போன புதிதில் கனடிய அனுபவம் இருக்கிறதா என்ற கேள்வியோடு எட்டு மாதம் களஞ்சியம் கூட்டினான். ஒன்ராறியோவில் வெல்டராக வேலை செய்ய உரிமம் கட்டாயமில்லையாம். ஆனால் கட்டட இரும்பு, பாலம் போன்ற வேலைகளுக்குக் கனடிய வெல்டிங் பணியகத்தின் சோதனையில் தேறியிருக்க வேண்டும். கிடை, பக்கம், நிமிர்த்தி, தலைக்கு மேல் என்று நாலு நிலைகள். ஒட்டிய தட்டைக் கீலம் கீலமாக அறுத்து மெசினில் வளைத்துப் பார்ப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். தலைக்கு மேல் ஒட்டியது முதல் முறை அவனுக்கு வெடித்துவிட்டது. தொலைபேசியில் அழுதான். எனக்குக் கோபமே வரவில்லை, வெடித்தது தட்டுத்தானே. மூன்று கிழமை பழகிவிட்டுப் போய் ஒட்டினான், தேறினான். பரந்தன் கிழவர் சுத்தியலால் செய்ததை அங்கே மெசினால் செய்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே மட்டும் தாளை வளைத்து வளைத்துப் பார்க்கிறார்கள்.

சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆசிரியரே. சோதியுங்கள் என்றுதான் நாலு முறை பஸ் ஏறினேன். சோதிக்காமலே பயிற்சியற்றவன் என்று அச்சில் போட்டால் எங்கே போய்ச் சொல்வது? உங்கள் கட்டுரையாளர் எங்கள் பக்கம் வந்து ஒரு பட்டறைக்குள்ளாவது எட்டிப் பார்த்தாரா என்றும் கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. அவர் படித்தவராக இருப்பார்.

உங்களிடம் கேட்பது சின்ன உதவிதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அடுத்த மதிப்பீடு எப்போது, எந்த இடத்தில் என்று விசாரித்து, இரண்டு கிழமைக்கு முன்பே தமிழில் போட்டுவிடுங்கள். மரண அறிவித்தலுக்குக் கீழே ஒரு மூலை என்றாலும் பரவாயில்லை, அந்தப் பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். தட்டும் கம்பியும் நானே கொண்டு வருகிறேன்.

என் பெயரைப் போட வேண்டாம். விண்ணப்பம் இன்னும் அவர்கள் மேசையில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
வாசகன்,
விசுவமடு.